கையை ஊதும் எட்டாம் நம்பர்

ஜூலை 9

இன்று வந்த முட்டையில் மூன்று அழுகல். சமையல் செய்யும் பிச்சம்மாள் சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்து, பாத்திரம் கழுவி, பதிவேட்டை முடிக்க மூன்று மணி. மூன்றரைக்கு ஆட்டம். ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி மூட்டைமேல் போனைச் சாய்த்து வைத்தேன். சத்துணவு அமைப்பாளர் கணக்குப் பார்க்கிறாள் என்று வெளியே நினைத்துக்கொள்ளட்டும்.

மண்டல வாலிபால் போட்டியில் இந்த வருடத்தின் முதல் ஆட்டம். ஆத்திக்குளம் கல்லூரி அணியில் எட்டாம் நம்பர் என் மகன் ஆதிலிங்கம். மூன்றாம் ஆண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம், அதனால் ஹாஸ்டலும் இலவசம். ஆட்டத்துக்கு நான் வரக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு தடவை கோட்டுக்கு வெளியே நின்று, "முழங்கைய மடக்காத ஏல!" என்று கத்திவிட்டேன். மைதானமே சிரித்தது. "நீ வந்தா நான் பந்தப் பாக்க மாட்டேன், உன்னத்தான் பாப்பேன்" என்றான். போகவில்லை. போகக் கூடாது என்றான், பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லையே.

ரசிகர்களுக்கு 'மேற்கு கேலரி' என்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. மைக்செட் கடை தவசிக்கண்தான் அட்மின். ஆட்டத்தைப் போனில் நேரலையாகப் போடுவதும் அவர்தான். ஆபீஸ் தகவலுக்காக நான் வாங்கிய இரண்டாவது சிம் நம்பர் ஆதிக்குத் தெரியாது. அதில் 'எஸ். கனி' என்று சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. சண்முகக்கனி என்று முழுப்பெயர் போட்டிருந்தால் பெண் என்று தெரிந்து யாரும் மதித்திருக்க மாட்டார்கள். பிளாக் எங்கே ஓட்டை, பந்தைத் தூக்கிக் கொடுக்கிற லிஃப்டர் எங்கே தடுமாறுகிறான் என்று நான் எழுதுவதைப் பார்த்து, ரிட்டையர் ஆன பி.டி. வாத்தியார் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். நான் அவர்களுக்குக் கனி அண்ணாச்சி.

மூன்றுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். ஆதி பத்தொன்பது பாயிண்ட். மூன்றாவது செட்டிலிருந்து சர்வ் போடும் முன் வலது கையை வாயருகே கொண்டுபோய் ஊதினான். புதுப் பழக்கம் போலிருக்கிறது.

ஜூலை 10

குழுவில் காலையிலிருந்து இதே பேச்சு. "எட்டாம் நம்பர் என்னத்துக்குல கைய ஊதுதான்? சூடான டீயா வச்சிருக்கான்?" என்று தவசிக்கண் ஆரம்பித்தார். பிரின்ஸ் என்று ஒரு காலேஜ் பையன், "பயந்துட்டான் அண்ணாச்சி. பயந்தா கை சில்லுன்னு ஆயிரும்லா" என்று எழுதினான்.

பயந்துவிட்டானாம். என் மகன். எனக்கு வந்த ஆத்திரத்தில் கேஸ் அடுப்பைக் குறைக்காமல் தட்டச்சு செய்தேன்: "பயமும் இல்லை, ஒன்றும் இல்லை. அது அவன் ராசி. ஊதிவிட்டுப் போட்டால் சர்வ் தப்பாது. நேற்று எண்ணிப் பாருங்கள்."

நான் எண்ணவில்லை. யாரும் எண்ணவில்லை. ஐம்பது பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஜூலை 11

போன் செய்து, "கைக்கு என்ன?" என்றேன். "கைக்கு என்ன, கை இருக்கு" என்றான்.

ஜூலை 14

ஞாயிற்றுக்கிழமை. ஆதி வந்தான். நெத்திலிக் குழம்பு வைத்தேன். ஸ்பூன் கேட்டான்.

எங்கள் வீட்டில் ஸ்பூன் சர்க்கரை டப்பாவில் மட்டும்தான் இருக்கும். "என்னடா, பெரிய ஆளாயிட்டியோ?" என்று அவன் அப்பா கேலி செய்தார். நானும் சிரித்தேன். சாப்பிட்டு முடித்துக் காப்பி கொடுத்தேன். காப்பி தீர்ந்த பிறகும் டம்ளரை வலது கையால் பொத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். டம்ளரை வாங்குகிற சாக்கில் விரலைத் தொட்டேன். ஐஸ் பெட்டியில் கிடந்த மீனைத் தொட்டது போல இருந்தது.

"ஏன்யா இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"ஏசி பஸ்ல வந்தேம்மா."

எங்கள் ஊருக்கு ஏசி பஸ் கிடையாது. இருந்தாலும் நான் ஒன்றும் கேட்கவில்லை. இவர் அதற்குள் ரயில்வேப் பேச்சை எடுத்துவிட்டார். அரையிறுதி ஆகஸ்ட் ஆறாம் தேதி. அன்றைக்கு ரயில்வே அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் நேரில் பார்க்க வருகிறார்களாம். எடுத்தால் வேலை நிச்சயம். "இன்னும் மூணு வாரம். அதுக்குள்ள காச்சல் கீச்சல்னு படுத்துராத" என்றார். ஆதி தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

ஜூலை 18

இரண்டாவது ஆட்டம். எழுதவே கை வரவில்லை.

ஆதி சர்வ் போடப் போனான். கையை வாய்க்குக் கொண்டுபோனான். உடனே மேற்கு கேலரியில் இருந்த முந்நூறு பேரும் கையை வாயருகே வைத்து ஒரே சமயத்தில் ஊதினார்கள். தவசிக்கண் வேறு மைக்கில் ஊதினார். நேரலையில் அது புயல் சத்தம் போலக் கேட்டது. ஸ்டோர் ரூமுக்கு வெளியே நின்ற பிச்சம்மாள், "என்ன டீச்சர், மழையா?" என்றாள்.

ஆதி கேலரியைப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரிப்பு எனக்குத் தெரியும். திருடி மாட்டிக்கொண்டால் சிரிப்பான், அந்தச் சிரிப்பு. தவசிக்கண் படத்தைப் பெரிதாக்கி அவன் கையைக் காட்டினார். நடுவிரலும் மோதிரவிரலும் நுனியில் வெள்ளையாக இருந்தன. வெயில் பட்டு அப்படித் தெரிந்திருக்கும். போன் கேமரா எதையும் சரியாகக் காட்டாது.

ஜெயித்துவிட்டோம்.

"எல்லாம் கனி அண்ணாச்சி ஐடியா! அண்ணாச்சிக்கு ஒரு மாலை போடணும்லா!" என்று குழுவில் எழுதியிருந்தார்கள்.

ஜூலை 23

மூன்றாவது ஆட்டம் தோல்வி. ஆதி போட்ட ஆறு சர்வ் வெளியே போனது. நெட்டுக்கு மேல் எம்பி அடித்த பந்துகளில் வேகமே இல்லை. ஒவ்வொரு தடவையும் கேலரி ஊதியது, ஒவ்வொரு தடவையும் பந்து தப்பியது. கடைசியில் ஊதுவதை நிறுத்திவிட்டுத் திட்ட ஆரம்பித்தார்கள்.

"எட்டாம் நம்பருக்குத் தலக்கனம் ஏறிட்டு. ரயில்வே வருதுன்னதும் கால் தரையில நிக்கல" என்றார் தவசிக்கண். "உக்கார வைங்கய்யா அவன" என்றான் பிரின்ஸ். பிறகு எல்லாரும் கனி அண்ணாச்சி என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள்.

நான்கு தடவை எழுதி அழித்தேன். ஐந்தாவது தடவை, லிஃப்டர் பந்தை ஒரு சாண் தாழ்வாகத் தூக்குகிறான், அடிக்கிறவன் என்ன செய்வான் என்று அனுப்பினேன். அவ்வளவுதான், எல்லாரும் லிஃப்டர் சாமுவேல் மேல் பாய்ந்துவிட்டார்கள். அந்தப் பையன் இன்று அழகாகத்தான் ஆடினான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் பதிவை அழிக்கவில்லை.

ஜூலை 25

பருப்பு வேகும்போது போன் சிணுங்கியது. இரண்டாவது சிம். குழுவில் இல்லை, தனிச் செய்தி. அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"வணக்கம் சார். நான் எட்டாம் நம்பர் ஆதிலிங்கம். குரூப்ல உங்க நம்பர் பாத்து எடுத்தேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க எழுதுறத மட்டும்தான் படிப்பேன். எனக்காகப் பேசுனதுக்கு நன்றி. ஆனா சாமுவேல் மேல தப்பு இல்ல சார். நான் கைய ஊதுறது ராசியும் இல்ல. ரெண்டு மாசமா விரல் மரத்துப் போகுது. இருபது அடி அடிச்சா பந்து கையில படுறதே தெரியல. நகம் நீலமா ஆகுது. யார்கிட்டயும் சொல்லல. கோச்கிட்ட சொன்னா உக்கார வச்சிருவாரு. ஆறாந்தேதி ரயில்வே வருது. எங்கம்மாவும் காலேஜ்ல ஆடுனவங்கதான் சார். கல்யாணத்துக்காகத்தான் விட்டாங்களாம். வலின்னு ஒருநாளும் வெளிய உக்காந்தது இல்லன்னு சொல்லுவாங்க. அவங்ககிட்ட போயி விரல் குளிருதுன்னு சொன்னா கேவலமா நினைப்பாங்க. நீங்க சொல்லுங்க சார், நான் ஆடலாமா?"

கூடவே ஒரு படம். அவன் கைதான். கட்டைவிரலில் சின்ன வயதில் அரிவாள்மணை வெட்டிய தழும்பு இருக்கிறது.

"டீச்சர், பருப்பு தீயுது!" என்று பிச்சம்மாள் கத்தும்வரை நான் படித்துக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 26

டாக்டரைப் பார் என்று கனியாகப் பதில் போட்டேன். "பாத்தா ஆடக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துருவாங்க சார். ஆறாந்தேதி முடியட்டும்" என்றான்.

சாயங்காலம் அம்மாவாகப் போன் செய்தேன். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றான். கை எப்படி இருக்கிறது என்றேன். "சும்மா நொய்நொய்ங்காதம்மா" என்று வைத்துவிட்டான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டாவது சிம்மில் செய்தி: "சார், அம்மா போன் பண்ணுனாங்க. சந்தேகப்படுறாங்கன்னு நினைக்கேன். என்ன சொல்லிச் சமாளிக்க?"

என்னைச் சமாளிக்க என்னிடமே வழி கேட்கிறான். சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. "உண்மையைச் சொல் தம்பி" என்று அனுப்பினேன்.

"அது மட்டும் முடியாது சார்."

ஜூலை 28

இவர் கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார். துணி மடித்தாயிற்று, மாவு ஆட்டியாயிற்று, செய்வதற்கு வேறு வேலை இல்லை.

கல்யாணத்துக்காக நான் விளையாட்டை விடவில்லை. கல்லூரி முதல் வருடம், இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் வலது முழங்கால் வீங்கியது. எங்கள் கோச், "உன்ன விட்டா ஆள் இல்ல கனி" என்றார். யாரோ ஒருவரைக் கூட்டிவந்து காலில் ஊசி போடவைத்தார். வலி போய்விட்டது. ஐந்து செட் ஆடினேன். கோப்பையை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி விழுந்தேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் குதித்ததில்லை. இன்றைக்கும் மாடிப்படியில் பக்கவாட்டில்தான் ஏறுகிறேன். உடம்பு பெருத்துவிட்டது, அதனால்தான் என்று ஆதி நினைக்கிறான்.

நொண்டியாகிப்போன கதையைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அதனால் வலிக்கு உட்காராத வீராங்கனைக் கதையைச் சொன்னேன். அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வான். நானும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன்.

ஜூலை 31

இன்று கிளம்பிப் போய் அவனைக் கூட்டிவந்திருக்கலாம். நேற்றும் போயிருக்கலாம். இன்னும் ஆறு நாள்தானே என்று அவன் சொல்வதை நானும் எண்ணத் தொடங்கிவிட்டேன். ரயில்வே வேலை என்றால் சும்மாவா.

இவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5

பிள்ளைகளுக்குக் கண்ணும் பல்லும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டரம்மா வந்திருந்தார். சின்ன வயது. நன்றாகச் சிரித்துப் பேசுகிறவர். எல்லாம் முடிந்து மோர் குடித்துக்கொண்டிருக்கும்போது போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "யார் கைம்மா இது?"

"தெரிஞ்ச பையன். வாலிபால் ஆடுவான்."

தோளைப் பற்றிக் கேட்டார். எவ்வளவு நாளாக, எந்தெந்த விரல், ஓய்வில் இருந்தாலும் குளிர்கிறதா என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எல்லாமே தெரிந்திருந்தது.

"கைய ஓங்கி ஓங்கி அடிக்கிறவங்களுக்குத் தோள்கிட்ட ரத்தக்குழாய் கெட்டுப்போறது உண்டும்மா. அங்க ரத்தம் கட்டியாகி, துணுக்கு துணுக்கா விரலுக்குப் போய் அடைக்கும். நேர்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாது. ஆனா இதுதான்னா, ஒவ்வொரு அடிக்கும் விரல் போற அபாயம் இருக்கு. அந்தப் பையனோட அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லிருங்க."

சொல்லிவிடுகிறேன் என்றேன்.

அவனுக்குப் போன் செய்தேன், அணைத்திருந்தது. ஆட்டத்துக்கு முந்தைய நாளே கோச் எல்லார் போனையும் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார், அவர்கள் அணியின் வழக்கம் அது. கனியின் நம்பரிலிருந்தும் அடித்துப் பார்த்தேன். அதுவும் போகவில்லை. ஹாஸ்டல் ஆபீசில் யாரும் எடுக்கவில்லை, கோச் நம்பர் என்னிடம் இல்லை. அணியை இன்றே ஹாஸ்டலிலிருந்து வேறு இடத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள் என்றும், அரையிறுதி நாளை மதியம் கல்லூரி மைதானத்திலேயே நடக்கும் என்றும் குழுவில் பார்த்தேன். எங்கே தங்க வைத்திருக்கிறார்கள் என்று தவசிக்கண்ணுக்கும் தெரியவில்லை.

இவரிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. படத்தைக் காட்டிய பிறகு உட்கார்ந்துவிட்டார். "நாளைக்கு ஒரு நாள் மட்டும்..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார்.

ஆகஸ்ட் 6

பஸ் வழியில் டயர் பஞ்சராகி நின்றது. இறங்கி ஒரு லோடு ஆட்டோவில் ஏறிப் போனேன். போய்ச் சேரும்போது இரண்டாவது செட் பாதி முடிந்திருந்தது. அவசரத்தில் நான் நுழைந்த வாசல் மேற்கு கேலரிக்குப் போகிறது. முழுக்க ஆண்கள். கழுத்தில் துண்டோடு மைக் பிடித்துக்கொண்டிருந்தவர்தான் தவசிக்கண் என்று பார்த்ததும் தெரிந்தது.

"அக்கா, லேடீஸ் அந்தப் பக்கம்" என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

நான் நிற்கவில்லை. படிக்கட்டில் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஆதி சர்வ் போட வந்தான். கையை வாய்க்குக் கொண்டுபோனான். என்னைச் சுற்றி முந்நூறு பேரும் ஊதினார்கள். என் பிடரியில் அந்தக் காற்று பட்டது. வாழ்க்கையில் நான் இவ்வளவு பயந்ததில்லை.

பந்து நெட்டில் விழுந்தது. கோச் டைம் அவுட் கேட்டார். நான் கோட்டைத் தாண்டி உள்ளே போனேன்.

"யாரும்மா நீங்க? வெளிய போங்க" என்றார் கோச்.

"அவன் அம்மா சார்."

ஆதி முகம் வெளுத்துவிட்டது. "எம்மா, நீ ஏன் வந்த? அந்தா ரயில்வேக்காரங்க இருக்காங்க. போம்மா."

கையைப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக் கோச்சின் உள்ளங்கையில் வைத்தேன். "தொட்டுப் பாருங்க சார். நகத்தப் பாருங்க. ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்கு. இவன் இன்னும் ஒரு பந்து அடிக்கக் கூடாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

கோச் தொட்டார். மற்ற கையையும் தொட்டுப் பார்த்தார். மாற்று ஆட்டக்காரனைக் கைகாட்டி அழைத்தார்.

"ரெண்டு மாசம்னு உனக்கு யாரு சொன்னா?" என்றான் ஆதி.

"நீதான்யா சொன்ன."

"நான் உங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"கனி சார்ட்ட சொன்ன. அது நான்தான்."

சாமுவேலும் மற்ற பையன்களும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் விசில் அடித்தார். ஆதி என்னைத் திட்டுவான், கத்துவான் என்று நினைத்தேன். அவன் சின்னப் பிள்ளை போல முழித்துக்கொண்டு நின்றான்.

"அப்ப இனிமே நான் யார்ட்டம்மா சொல்லுவேன்?" என்றான்.

கோச் பிடித்துக் கொடுத்த காரில் திருநெல்வேலி போகிற வழியில் முழங்கால் விஷயத்தைச் சொன்னேன். ஊசியை, மேடையை, எல்லாவற்றையும் சொன்னேன். இருபது வருடம் மறைத்ததைச் சொல்ல நான்கு மைல்கூட ஆகவில்லை. அவன் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான்.

ஆகஸ்ட் 7

டாக்டரம்மா சொன்னது போலவேதான். தோளுக்கு அருகே ரத்தக்குழாய் வீங்கிக் கட்டி சேர்ந்திருக்கிறது. கரைக்க மருந்து ஏற்றுகிறார்கள். நாளைக் காலை ஆபரேஷன். மூன்று விரல் தப்பிவிடும் என்கிறார்கள். மோதிரவிரலைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லையாம். இனி ஆடுவானா என்று இவர் கேட்டதற்கு, பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "முதல்ல கை இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு இவர் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று போய், அரை மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தார்.

நேற்றைய ஆட்டம் தோற்றுவிட்டது. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் பெத்த அம்மாவே வந்து பிள்ளையை இழுத்துப் போனாள் என்று குழுவில் ஒரே ஏச்சு. விஷயம் தெரிந்ததும் தவசிக்கண் மட்டும் ஒரு குரல் செய்தி போட்டார். "நாங்க எல்லாம் சேந்து ஊதுனோமே மக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டார். ராசி என்று முதலில் எழுதியது நான்தான். அதை நான் அங்கே இன்னும் எழுதவில்லை. எழுத வேண்டும்.

ஆதி என்னோடு பேசவே இல்லை. கஞ்சி கொடுத்தால் வாயைத் திறக்கிறான், அவ்வளவுதான். கண்ணைப் பார்ப்பதில்லை.

பார்வை நேரம் முடிந்து ஐந்து மணிக்கு எங்களை வெளியே அனுப்பினார்கள். ஆண்கள் வார்டு, துணைக்கு ஆண்தான் இருக்கலாம் என்று இவரை மட்டும் விட்டார்கள். நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். பைக்குள் போன் சிணுங்கியது. இரண்டாவது சிம்.

"கனி சார், இருக்கீங்களா?"

எழுத்துக்கு எழுத்து வர வெகு நேரம் ஆனது. இடது கையால் அடிக்கிறான் போலிருக்கிறது.

"இருக்கேன் தம்பி."

"நாளைக்குக் காலைல ஆபரேஷன். விரல் பொழைக்குமான்னு தெரியல. அப்பா பக்கத்துலதான் இருக்காரு, அவர்ட்ட சொல்ல முடியல. ரொம்பப் பயமா இருக்கு சார்."

பயப்படாதே, ஒன்றும் ஆகாது என்று அடித்தேன். பிறகு அதை அழித்துவிட்டு வேறு அனுப்பினேன்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு தம்பி. வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்கேன்."